வடக்கே ஓடிய ஆறு

வடகோடிக் காட்டில் ஓர் ஆறு இருந்தது. அதன் நடுவே ஒரு தீவு. குளிர்காலம் முழுவதும் பனிமான் கூட்டம் ஒன்று அங்கே பாசி மேய்ந்து வந்தது. ஆறு உறைந்து கிடந்ததால் கரைக்குப் போய்வர எந்தத் தடையும் இல்லை.

ஒருநாள் தெற்கிலிருந்து ஒரு நீர்நாய் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"தெற்கே பனி உடைந்துவிட்டது. வெள்ளம் வருகிறது. இன்றே கரையேறிவிடுங்கள்" என்றது.

கூட்டத்தின் தலைவன் நெடுங்கொம்பன் பனியைக் குளம்பால் தட்டிப் பார்த்தது. "பாறை மாதிரி இருக்கிறது. வடக்கே இதைவிடக் கெட்டி. வெள்ளம் எங்கிருந்து வரும்?"

"இந்த ஆற்றின் முழு நீளமும் நான் போயிருக்கிறேன். இது தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. வெயில் முதலில் தெற்கைத்தான் உருக்கும். அந்தத் தண்ணீர் இங்கே வந்து, வடக்கே உருகாத பனி மறிப்பதால் மேற்கொண்டு போக வழியில்லாமல் தீவின் மேல் ஏறிவிடும்."

"நான் எத்தனையோ ஆறுகளைப் பார்த்தவன். எனக்கே பாடமா?"

வயிற்றில் குட்டியோடு நின்ற வெண்குளம்பி என்ற பெண்மான் கேட்டது: "தலைவரே, இந்த ஆற்றோடு முழுதாகப் போயிருக்கிறீர்களா?"

"இல்லை."

"இவர் போயிருக்கிறார்" என்று வெண்குளம்பி நீர்நாயைக் காட்டியது.

பிறகு கரையை நோக்கி நடந்தது. ஒவ்வொன்றாக மற்ற மான்களும் பின்னால் போயின. வீம்பு பிடித்த நெடுங்கொம்பன் மட்டும் தீவிலேயே நின்றது.

கடைசி மான் கரையேறியதும் பனி இடிபோல் வெடித்தது. தண்ணீர் தீவைச் சூழ்ந்தது. நெடுங்கொம்பனின் முழங்கால் வரை ஏறியது.

நீர்நாய் தண்ணீரில் குதித்து அதனிடம் நீந்திப் போனது. "நேராக வராதீர்கள், பனிக்கட்டிகள் மோதும். என் பின்னாலேயே வாருங்கள்."

நெடுங்கொம்பன் மறுபேச்சில்லாமல் பின்தொடர்ந்தது. நடுங்கியபடி கரையேறியபோது யாரும் அதைக் கேலி செய்யவில்லை. வெண்குளம்பி நகர்ந்து இடம் கொடுத்தது.

மூன்றாம் நாள், மேட்டுப் புல்லில் வெண்குளம்பி குட்டி ஈன்றது. கீழே தீவு இருந்த இடத்தில் வெறும் தண்ணீர்.

நெடுங்கொம்பன் நீர்நாயிடம் தயங்கித் தயங்கிக் கேட்டது: "இந்த மேட்டுக்கு அப்பால் இன்னோர் ஓடை இருக்கிறதே, அது எந்தப் பக்கம் ஓடுகிறது?"

"எனக்கும் தெரியாது. வாருங்கள், போய்ப் பார்ப்போம்."

எத்தனை ஆறுகளைக் கண்டவராக இருந்தாலும், முன்னால் ஓடும் ஆற்றைப் பற்றி அதை அறிந்தவரிடம் கேட்பதே அறிவு.