மூன்றாம் முறைக்கு முன் பத்து மூச்சு

வாயை மூடிக்கொண்டு கேட்பதாக இருந்தால் சொல்கிறேன். ஏனென்றால் இது வாயை மூடவே தெரியாத ஒரு மனுஷனின் கதை.

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கொன்றைமாநகர் என்று ஒரு பட்டணம். அதை ஆண்ட ராஜா குலவேந்தன். ராஜாவின் கட்டளைகளை முரசடித்து ஊருக்குச் சொல்கிறவன் அம்பலக்கூத்தன். அவன் குரல் இருக்கிறதே, கீழ வாசலில் நின்று சொன்னால் மேல வாசலில் மாடு மிரளும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். எந்தக் கட்டளையையும் நாற்சந்தியில் மூன்று முறை சொல்ல வேண்டும். மூன்றாம் முறை சொல்லி முரசு அடித்துவிட்டால் அது சட்டம். பிறகு ராஜாவே நினைத்தாலும் ஒரு வருஷத்துக்கு மாற்ற முடியாது. அதனால் இரண்டாம் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் நடுவில் பத்து மூச்சு விடும் நேரம் முரசு சும்மா இருக்க வேண்டும். அப்போது ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் ஒரு கேள்வி கேட்கலாம். கேட்டால், ராஜாவிடம் பதில் வாங்கி வந்த பிறகுதான் மூன்றாம் முறை. அரண்மனைச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு மட்டும் அந்த உரிமை இல்லை.

அம்பலக்கூத்தன் வேலைக்கு வந்த புதிதில் பத்து மூச்சும் நின்றுதான் பார்த்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. வெயிலோ மண்டையைப் பிளந்தது. பத்தை ஐந்தாக்கினான், ஐந்தை மூன்றாக்கினான், கடைசியில் மூன்று முறையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு இறங்கினான். என்னமாய்த் தம் பிடிக்கிறான் என்று ஊரே மெச்சியது. மெச்சின ஊர் தன் உரிமையை மறந்தே போயிற்று.

இப்படி நாற்பது வருஷம். அறுபது வயதானதும் ராஜா அவனுக்குப் பட்டுப் போர்த்தி, பல்லக்கில் ஏற்றி, வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அவனிடம் தொழில் கற்ற மருதன் கைக்கு முரசு போனது.

அதற்கப்புறம் அவன் மனைவி உமையாள் பட்ட பாடு இருக்கிறதே, அதை என்னவென்று சொல்ல! சோறு போடு என்பதை மூன்று முறை சொல்வான். ரசத்தில் உப்பு இல்லை என்பதையும் மூன்று முறை சொல்வான், தெருவுக்கே கேட்கும்படி. பக்கத்து வீட்டு நாச்சி புருஷனோடு கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள் என்று உமையாள் ஒருநாள் காதோடு காதாகச் சொன்னாள். "நாச்சி கோபித்துக்கொண்டு போய்விட்டாளா?" என்று இவன் மூன்று முறை கேட்டான். நாச்சி வீட்டு மானம் நாற்சந்தி வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

சிரிக்காதீர்கள். உள்ளுக்குள் அவன் உடைந்து போயிருந்தான். காலையில் முரசுச் சத்தம் கேட்டதும் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு வாசல் வரை வருவான். அங்கே வந்ததும் ஞாபகம் வரும். முரசு இல்லாத நான் யார் என்று நினைத்து நினைத்து, கட்டின தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பார்க்கப் பாவமாக இருக்கும்.

உமையாளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு குடத்தைக் கையில் கொடுத்து, அல்லி ஊருணிக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வாருங்கள் என்று அனுப்பினாள்.

முதல் நாள் பெண்கள் சிரித்தார்கள். இரண்டாம் நாள் குடத்தை உடைத்தான். மூன்றாம் நாள் வரிசையில் நின்றபோது பேச ஆள் கிடைக்கவில்லை. வேறு வழி? காது கொடுத்துக் கேட்டான். ஊர்க் கிணறு அத்தனையும் உப்பு, சித்திரை வெயிலில் மூன்று தெருவும் இந்த ஊருணியை நம்பித்தான் உயிர் வாழ்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. நாற்பது வருஷமாக அரண்மனைக் கிணற்றுத் தண்ணீர் குடித்தவனுக்கு வேறெப்படித் தெரியும்?

பங்குனி பிறந்தது. ஒரு காலை, நிறைகுடத்தோடு நாற்சந்தி வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். மருதன் முரசடித்தான். பக்கத்தில், அரண்மனை யானைகளைக் கட்டிவைக்கும் கொட்டாரத்தின் அதிகாரி நின்றிருந்தார்.

"அல்லி ஊருணியைத் தூர்த்து யானைக் கொட்டாரம் கட்டப்படும். இது ராஜாவின் கட்டளை."

கூட்டத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருதன் இரண்டாம் முறையும் சொன்னான். குருவைப் போலவே மூச்சுக்கூட விடாமல் மூன்றாம் முறைக்குக் கோலை ஓங்கினான்.

"நில்!"

அம்பலக்கூத்தனின் குரலில் மருதனின் கை அந்தரத்தில் நின்றது.

"பத்து மூச்சு நிற்க வேண்டும் மருதா."

"ஐயா, நீங்கள்தானே நிற்காமல் சொல்லக் கற்றுக் கொடுத்தீர்கள்?"

அம்பலக்கூத்தனுக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் ஊர் முன்னால் ஒப்புக்கொண்டான். "தப்பாகக் கற்றுக் கொடுத்தேன். நாற்பது வருஷமும் தப்பாகத்தான் செய்தேன். எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது."

அதிகாரி குறுக்கே வந்தார். "நீ அரண்மனை ஆள். கேட்க உனக்கு உரிமை கிடையாது."

"அது முரசு கையில் இருந்தவரைக்கும். இப்போது என் கையில் இருப்பது குடம். நான் ஊர்க்காரன்."

கூட்டம் ஆரவாரித்தது. அவன் கேள்வியைச் சொன்னான். "ஊருணியைத் தூர்த்தால் சித்திரையில் நாங்கள் எதைக் குடிப்பது?" ஒரே ஒரு முறைதான் சொன்னான்.

மருதன் கோலைக் கீழே வைத்துவிட்டு அரண்மனைக்கு ஓடினான். பதிலை ராஜா சொல்லி அனுப்பவில்லை, தானே புறப்பட்டு வந்தார். ஊர்க் கிணற்று நீரை ஒரு வாய் குடித்தார், துப்பினார். அம்பலக்கூத்தனின் குடத்து நீரைக் குடித்தார், குடித்துக்கொண்டே இருந்தார். பாசி பிடித்த வெறும் பள்ளம் என்றல்லவா எனக்குச் சொன்னீர் என்று அதிகாரியைப் பார்த்தார். கட்டளை அங்கேயே ரத்தாயிற்று.

மூன்று தெருக்காரர்களும் அம்பலக்கூத்தனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். ராஜா மறுபடி முரசை வாங்கிக்கொள்ளச் சொன்னார். அவன் கும்பிட்டு மறுத்தான்.

"அதை வாங்கினால் நான் கேள்வி கேட்க முடியாதே, மகாராஜா. மருதனே வைத்துக்கொள்ளட்டும். பத்து மூச்சு மட்டும் நிற்கச் சொல்லுங்கள்."

அன்று முதல் மருதன் ஒவ்வொரு கட்டளைக்கும் பத்து மூச்சு நின்றான். முதலில் ஊரே அம்பலக்கூத்தனைத் திரும்பிப் பார்த்தது. போகப்போகப் பூக்காரி கேட்டாள், கொல்லன் கேட்டான், பக்கத்து வீட்டு நாச்சியும் கேட்டாள். ஆமாம், அவள் திரும்பி வந்துவிட்டாள்.

ஊருணி பிழைத்ததற்கு மறுநாள் காலையும் முரசுச் சத்தம் கேட்டது. அம்பலக்கூத்தன் எழுந்தான். தலைப்பாகையைத் தேடவில்லை. குடம் எங்கே என்று கேட்டான், மெதுவாக, ஒரே முறை. உமையாள் நம்பாமல் எட்டிப் பார்த்து, இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றாள்.

பதவியில் இருந்து செய்ய முடியாத நல்ல காரியம் ஒன்று, பதவியை இறக்கி வைத்தவனுக்காக ஊரில் எப்போதும் காத்திருக்கும் என்பதே இந்தக் கதை சொல்லும் நீதி.