முதல் இலை யாருக்கு?

மலையடிவார மடத்துக்குத் தலைவி தில்லையம்மாள். அவருடைய சீடர் மாசிலாமணி, அவரைவிட வயதில் மூத்தவர். ஊரூராகக் கல்யாணச் சமையல் செய்துவிட்டு ஞானம் தேடி வந்தவர். ஞானம் வந்ததோ இல்லையோ, கைப்பக்குவத்தின் கர்வம் மட்டும் போகவில்லை.

அந்த மடத்தில் காளான் சமைத்தால் முதல் இலையில் யாரும் உட்கார மாட்டார்கள். பரிமாறி அப்படியே விட்டுவிடுவார்கள்.

"அந்த இலை யாருக்கும்மா?" என்று கேட்டார் மாசிலாமணி.

"முதல்ல காளான் பறிச்சிட்டு வாங்க ஐயா. மலையேற வந்தவங்க பசியோட இருக்காங்க."

இடி இடித்து மழை ஓய்ந்த காலை. புற்றைச் சுற்றி வெள்ளை வெளேரென்று காளான்கள். மாசிலாமணிக்கு வாயெல்லாம் பல். கூடை நிறையக் கொண்டுவந்தார்.

தில்லையம்மாள் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "வேர் எங்கே?"

"கத்தியால தரையோட நறுக்கிட்டேன். பொட்டு மண்ணு இருக்காது, பாருங்க!"

கூடையை அப்படியே குப்பைக் குழியில் கவிழ்த்தார் அம்மாள்.

"என்னம்மா அநியாயம் இது! வாசல்ல குழந்தைங்க பசியில அழுவுதுங்க!"

"கத்திய வச்சிட்டு என்கூட வாங்க."

புற்றருகே ஒரு காளானைக் காட்டினார். மாசிலாமணி மெல்ல இழுத்தார். வேர் வந்தது, வந்துகொண்டே இருந்தது, புற்றின் வயிற்றுக்குள்ளிருந்து முழ நீளத்துக்கு.

"இது சோறு. பக்கத்துல இருக்கறதப் பிடுங்குங்க."

அதே குடை, அதே வெள்ளை. பொசுக்கென்று கையோடு வந்துவிட்டது. அடியில் வேரே இல்லை, சின்ன வெங்காயம் போல ஒரு குமிழ்தான்.

"இது எமன். கூடையில இது கலந்திருந்துச்சா?"

"தெரியலையே... ஐயோ, அந்தப் பிள்ளைங்களுக்கு என் கையாலயே..." மாசிலாமணி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் முட்டியது. "தெய்வம் மாதிரி தடுத்தீங்கம்மா. முதல் இலை உங்களுக்குத்தான் போடணும்."

"எனக்கு என் குரு சொன்னாரு."

"அப்போ அவருக்கு."

"அவருக்கு யார் சொன்னது?"

மாசிலாமணி வேரோடு வந்ததை மட்டும் பறித்து வந்து குழம்பு வைத்தார். பந்தியில் குழந்தைகள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தன. முதல் இலையில் பரிமாறிவிட்டு அம்மாளைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்பவாவது சொல்லுங்கம்மா. யாருக்கு?"

"வேர் இல்லாதத முதல்ல தின்னவருக்கு. பேர் தெரியாது ஐயா. அவரும் பசியோட வந்தவர்தான். இன்னும் ஒரு கரண்டி வைங்க."