எட்டாத கயிறு

ஊருக்கெல்லாம் வயிறு காய்ந்து மாதமாகிவிட்டது. மருதங்குளம் ஜமீன்தாருக்கோ, வழக்கமாகக் கொடுக்கும் காசுக்குத் தட்டில் ஓர் இட்லி குறைந்த அன்றுதான் விலைவாசி தெரிந்தது.

தண்டோரா போடும் சடையனைக் கூப்பிட்டார்.

"விலையை ஏத்தின திருடனைச் சாயங்காலத்துக்குள்ளே கயித்துலே கட்டி இழுத்துட்டு வா. இல்லேன்னா அதே கயித்துலே உன்னைத் தொங்கவிடுவேன்."

சடையன் கடைக்குப் போய்க் கயிறு வாங்கினான். முதலில் இட்லிக்காரியைக் கட்டினான்.

"அரிசி விலை ஏறிச்சு, நான் என்னய்யா பண்ணுவேன்?" என்றாள் அவள்.

அரிசிக் கடைக்காரரையும் கட்டினான். அவர் வண்டிக்காரனைக் கை காட்டினார். வண்டிக்காரன் சிரித்தான்.

"ஆத்துப் பாலத்துலே சுங்கம் ரெட்டிப்புன்னு நீதானேய்யா தமுக்கடிச்சுச் சொன்னே?"

சடையன் அவனையும் கட்டினான்; பாலத்தில் சுங்கம் வசூலிக்கும் காவலாளியையும் கட்டினான்.

பொழுது சாயும்போது எல்லோரும் ஒரே கயிற்றில் அரண்மனை முற்றத்தில் நின்றார்கள்.

"நீ எதுக்குடா ஏத்தினே?" என்று காவலாளியைக் கேட்டார் ஜமீன்தார்.

"எசமான் உத்தரவுங்க."

ஜமீன்தார் சடையனை முறைத்தார்.

"அவ்வளவுதானா? இன்னும் பாக்கி இருக்கா?"

"ஒருத்தர் பாக்கிங்க எசமான். ஆனா கயிறும் அந்தப் பாலம் தாண்டித்தானே வருது? விலை ஏறிப்போச்சு. என் கையிலே இருந்த காசுக்கு வாங்கின கயிறு, உங்க நாற்காலி வரைக்கும் எட்டலே."