பரலோகத்துக்கு நாற்பது மனு

"உபதேசியாரே, நாப்பது மனு போட்டாச்சு. மேலேருந்து ஒரு பதிலும் இல்ல. எங்க பிழைன்னு பாத்துச் சொல்லும்!"

கேட்டவர் ஞானாபரணம். கலெக்டர் ஆபீஸ் வாசலில் முப்பது வருஷமாக மனு எழுதுகிறவர். அவர் எழுதினால் கல்லும் கையெழுத்துப் போடும் என்று ஊரில் ஒரு பேச்சு.

சாமியாருக்கு அடுத்தபடியாகக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் செவத்தியானுக்கு அவர் வயதில் பாதிதான். ஆனாலும் ஜெப விஷயத்தில் ஞானாபரணத்துக்குக் குரு அவர்தான்.

செவத்தியான் கோயில் முற்றத்தில் வாளியும் துடைப்பமுமாக நின்றிருந்தார்.

"யாருக்குப் போட்டீங்க அண்ணாச்சி?"

"ஆண்டவருக்குத்தான். பெறுநர், மாட்சிமை தங்கிய சர்வேசுரன் அவர்கள், பரலோகம். நகல், புனித அந்தோணியார் அவர்கள், தக்க நடவடிக்கைக்காக. கெபியில, சுரூபத்துக்கு முன்னால இருக்கிற மனுப் பெட்டியில என் கையாலயே போட்டேன்."

"பொருள்?"

ஞானாபரணத்தின் குரல் இறங்கியது.

"மக வீட்டுக்கு வரணும்."

ஒரே மகள், பிலோமி. மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. போகிற அன்று இவர் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால்தானே! தெருவே கேட்கக் கத்தினார்: "இனி இந்தப் படி ஏறணும்னா எழுதிக் குடுத்துட்டு வா!"

இப்போது அவளுக்கு எட்டு மாதம். தலைப்பிரசவத்துக்குப் பிள்ளையை அழைத்து வர வேண்டிய மனுஷன், எந்த முகத்தோடு போய் நிற்பது என்று தெரியாமல் பேனாவைத் தூக்கிவிட்டார். அவருக்குத் தெரிந்தது அதுதான்.

"மனுவ எப்படி ஆரம்பிப்பீங்க?"

"கீழே கையொப்பமிட்டுள்ள ஏழை அடியேன் பணிந்து சமர்ப்பிப்பது யாதெனில்... ஏன், குறையா?"

"ஒரு குறையும் இல்ல. நல்ல தமிழ்."

செவத்தியான் துடைப்பத்தைச் சாத்தினார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். டைப் அடித்த மனு. பெயரும் விலாசமும் தெரியாமல் மேலும் கீழும் மடித்திருந்தது.

"ஒரு பிள்ள கொண்டுவந்துச்சு. முறையா இருக்கான்னு பாருங்க."

ஞானாபரணத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. கண்ணாடியை மாட்டினார், பேனாவைத் திறந்தார், உரக்கப் படித்தார்.

"'தங்கள் மேலான சமூகத்துக்கு...' ஆகா! 'தங்கள் பொன்னான நேரத்தில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும்.' பாத்தீரா, ஒரு சந்திப்பிழை இல்ல! யாரோ நல்ல வாத்தியார்ட்ட படிச்சிருக்கா."

"மேல படிங்க."

"'தாங்கள் அன்று உத்தரவிட்டபடி எழுத்துமூலமாக விண்ணப்பிக்கிறேன். பிரசவம் முடியும்வரை தங்கள் வீட்டின் பின்கட்டில் தங்கிக்கொள்ள அனுமதி...'"

பேனா கீழே விழுந்தது.

மடிப்பைப் பிரித்தார். அனுப்புநர், பிலோமி. பெறுநர், உயர்திரு ஞானாபரணம் அவர்கள்.

"இது என்ன உபதேசியாரே? இது என்ன கூத்து? பின்கட்டா? என் பிள்ள பின்கட்டுலயா?"

"எழுதிக் குடுத்துட்டு வான்னு சொன்னது நீங்கதானே அண்ணாச்சி?"

"கோவத்துல ஆயிரம் சொல்லுவேன்! அதுக்காக?" அவர் கத்தினார். கோயில் புறாக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. "உயர்திருவாம், அவர்களாம்! நான் என்ன தாசில்தாரா? அவளப் பெத்தவன்வே! மனுவும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். வாசல்ல நின்னு 'அப்பா'ன்னு ஒரு சத்தம், ஒரே ஒரு சத்தம் குடுத்தா நான் விழுந்தடிச்சு ஓடிவர மாட்டேனா?"

செவத்தியான் உள்ளங்கையை நீட்டினார்.

"என்னவே?"

"உங்க மனுவக் குடுங்க அண்ணாச்சி. எங்க பிழைன்னு பாக்கணும்னீங்களே."

ஞானாபரணம் பையிலிருந்த நகலை எடுத்தார். 'மாட்சிமை தங்கிய சர்வேசுரன் அவர்கள்' என்ற வரியிலேயே கண் நின்றது.

"அவ எங்க?"

"உள்ளதான், முதல் பெஞ்சுல. காலைப் பூசையிலேருந்து உக்காந்திருக்கா. உங்க உத்தரவு வரணுமாம்."

அவ்வளவுதான். ஐம்பத்தாறு வயது மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்காமல் கோயிலுக்குள் ஓடினார். பீடத்தைப் பார்த்தபடியே ஓடினார். கோயிலே அதிரக் கத்தினார்.

"அப்பா! அப்பா!"

முதல் பெஞ்சிலிருந்து வயிற்றைப் பிடித்தபடி எழுந்த பிலோமி திகைத்து நின்றாள். அவள் கூப்பிட வேண்டிய வார்த்தையை, தகப்பன் கத்திக்கொண்டு ஓடிவருகிறார்.