துணைக்கு வந்தவர்

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், ஆபரேஷன் தியேட்டருக்கு எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. அதற்குத் தன் கண்ணின் மேல் அபார நம்பிக்கை. கீழே இரும்பு நாற்காலிகளில் வந்து உட்கார்பவர்களில் யாருக்கு யார் துணை, யாருக்கு யாருமே இல்லை என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி.

ஒரு நாள் காலை செபஸ்தியம்மாள் வந்து உட்கார்ந்தாள். உப்பளத்தில் வேலை செய்பவள். உப்பு அரித்துப் பாதமெல்லாம் வெடித்திருந்தது. மடியில் ஒரு கட்டைப்பை. ஒன்பது வயது மகள் ஜெனோவாவின் இதயத்தில் ஓட்டை. அதை அடைக்கத்தான் சற்று முன்பு குழந்தையை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள்.

நர்ஸ் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்க வந்தாள்.

"துணைக்கு யாரும் வரலியாம்மா?"

"வந்திருக்காரு சிஸ்டர்."

"எங்க? டீ குடிக்கப் போயிருக்காரா?"

செபஸ்தியம்மாள் சிரித்தாள். "அவரு எங்கேயும் போகமாட்டாரு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

கடிகாரம் நடைவழியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தது. ஒருவரும் இல்லை.

"ஏ கட்டைப்பையே, எதுக்கு இவ பொய் சொல்றா? தனியாத்தானே வந்தா?" என்று கேட்டது.

"பொய் இல்லை. அவ ஆண்டவரைச் சொல்றா" என்றது பை.

"என் கண்ணுக்குத் தெரியலையே."

"என் கண்ணுக்கும்தான் தெரியலை. ஆனா நான் இவகூட அஞ்சு வருஷமா இருக்கேன். ஒரு மழைக்காலத்துல ஊருக்குள்ள வெள்ளம் வந்துது. நெஞ்சளவு தண்ணி. பிள்ளையைத் தோளில தூக்கிக்கிட்டு, என்னைத் தலையில வச்சுக்கிட்டு நடந்தா. ‘பிடிச்சுக்கிடும், விட்டுராதேயும்’னு வழிநெடுகப் பேசிக்கிட்டே வந்தா."

"யாராவது படகைக் கொண்டுவந்தாங்களா?"

"இல்லை. முழுத் தூரமும் அவளேதான் நடந்தா. கரை ஏறினதும் ‘பிடிச்சுக்கிட்டதுக்கு நன்றி’ன்னா."

"நடந்தது இவ. நன்றி அவருக்கா?"

"தனியா இறங்கியிருந்தா பாதியிலேயே கால் மடங்கியிருக்கும்னு அவளுக்குத் தெரியும். புருஷனை அடக்கம் பண்ணின மறுவாரம் உப்பளத்துக்குப் போனாளே, அன்னைக்கும் அப்படித்தான். வழியெல்லாம் அழுகை. ஆனா கால் நிக்கலை."

கடிகாரம் நம்பவில்லை. ஆனாலும் அவளை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை.

மதியம் தாண்டியது. கதவு திறந்து டாக்டர் வந்தார். முகக்கவசத்தைக் கீழே இழுத்தார்.

"அடைச்சாச்சு. ஆனா ரத்தக்கசிவு நிக்கலை. இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்மா. பார்ப்போம்."

அவர் உள்ளே போனதும் செபஸ்தியம்மாளின் கைகள் நடுங்கின. சுவரோரமாகப் போய் நின்று, தாழ்ந்த குரலில் சண்டைக்கு நிற்பதுபோல் பேசினாள்.

"எங்கிட்ட என்ன செய்யுதீரு? நீரு உள்ள போம். பிள்ள பயப்படுவா. அவ கையைப் பிடிச்சுக்கிடும். என்னைய நான் பாத்துக்கிடுதேன்."

"கேட்டியா? இருந்த ஒருத்தரையும் அவளே அனுப்பிவிட்டா. இப்போ தனிதானே?" என்றது கடிகாரம்.



அந்த நேரம் பார்த்து ஒரு ஸ்ட்ரெச்சர் விரைந்து வந்தது. லாரி மோதிய ஒருவரை உள்ளே கொண்டுபோனார்கள். பின்னாலேயே ஓடிவந்த அவர் மனைவி சொர்ணம், மூடிய கதவின் முன்னால் அப்படியே தரையில் சரிந்தாள்.

செபஸ்தியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். அவளைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தாள். பையிலிருந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தாள்.

"எங்களுக்குன்னு ஊர்ல ஒரு நாதி இல்லக்கா" என்று சொர்ணம் விம்மினாள்.

"நான் இருக்கேம்லா. அழணும்னா அழு. என் கையைப் பிடிச்சுக்கோ."

இரண்டு கைகளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. கடிகாரம் உற்றுப் பார்த்தது. செபஸ்தியம்மாளின் கை இப்போது நடுங்கவில்லை.

வெகுநேரம் கழித்து டாக்டர் மறுபடியும் வந்தார். "ரத்தம் நின்னுட்டுதும்மா. பாப்பா முழிச்சுக்கிட்டா. அம்மா எங்கன்னு தேடுறா. போய்ப் பாருங்க."

செபஸ்தியம்மாள் உள்ளே ஓடினாள். திரும்பி வரும்போது முகம் முழுக்கக் கண்ணீரும் சிரிப்புமாக இருந்தது.

"அம்மா, நீங்க மேல வார்டுல போய்ப் படுங்க. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை. பாப்பாவை நாங்க பார்த்துக்கிறோம்" என்றாள் நர்ஸ்.

"இவ வீட்டுக்காரரு சேதி இன்னும் வரலியே சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, செபஸ்தியம்மாள் சொர்ணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

கடிகாரம் அந்த நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"உன் கண்ணு தப்பாதே. சொல்லு, கீழே எத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்க?" என்று கேட்டது பை.

"மூணு பேர்" என்றது கடிகாரம்.