மென்தாளும் கடுந்தாளும்

பொள்ளாச்சியில் இன்பநாதன் என்று ஒருவர் இருந்தார். ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்துபவர். ஞாயிறு மதியமானால் வீட்டுக் குளியலறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, சிவப்பு விளக்கைப் போட்டு, தான் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைத் தானே அச்சிடுவார்.

மலை, மாடு, சந்தை என்று எல்லாவற்றையும் எடுத்தவரிடம் மனைவி மரகதவல்லியின் படம் மட்டும் இல்லை. அவள் உதட்டைச் சுற்றியும் இமைகளிலும் வெண்புள்ளிகள் படர்ந்து பதினொரு வருடம் ஆகியிருந்தது. கேமராவைக் கண்டால் தள்ளிப் போய்விடுவாள்.

ஒரு நாள் கடலை உரித்துக்கொண்டிருந்தவள் என்ன நினைத்தாளோ, “சரி, ஒரே ஒருக்கா எடுத்துக்குங்க. நல்லா வரலீனா இனி அந்தப் பொட்டிய எம்பக்கம் திருப்பக் கூடாது” என்று சொல்லிச் சிரித்தாள்.

எடுக்கும்போது அவருக்குப் பதற்றத்தில் வெளிச்சக் கணக்கு தப்பிவிட்டது. நெகட்டிவ் வெளிறிப்போய் வந்தது.

“என்னைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்” என்றது நெகட்டிவ், அடுத்த ஞாயிறு சிவப்பு விளக்கின் அடியில். “அவளை நான் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை.”

“அழாதே, நான் இருக்கிறேன்” என்றது மென்தாள். எல்லா முகத்தையும் இதமாகக் காட்டும் அச்சுத்தாள் அது. “ஒரு புள்ளிகூடத் தெரியாமல் செய்து தருகிறேன்.”

இன்பநாதனுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மென்தாளில் ஒளியைக் காட்டி, மருந்துத் தட்டில் நனைத்தார். முகம் மெல்ல எழுந்தது. சாம்பல் பூசினாற்போல் இருந்தது.

“பார்த்தீர்களா? புள்ளியே இல்லை!” என்றது மென்தாள்.

“அவளே இல்லையே” என்றது நெகட்டிவ்.

உண்மைதான். கண்ணும் சிரிப்பும்கூட அந்தச் சாம்பலில் கரைந்திருந்தன.

தாள் பெட்டியின் அடியிலிருந்து, கறுப்பையும் வெள்ளையையும் அழுத்தமாகப் பிரித்துக் காட்டும் கடுந்தாள் பேசியது. “என்னைப் போட்டுப் பாருங்கள். ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எதையும் மறைக்கத் தெரியாது.”

“வேண்டாம்” என்றார் அவர். “அவள் மனசு நொந்துபோகும்.”

“அவள் மனசா, உங்கள் பயமா?” என்று கேட்டது சிவப்பு விளக்கு.

அவர் பதில் சொல்வதற்குள் கதவு தட்டப்பட்டது.

“ஏனுங்க, இன்னும் எத்தன நேரம்? துணி ஊறிக் கெடக்குதுங்க.”

“இதோ ஆச்சு, மரகதம்.”

பதினொரு வருடமாகத் தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற முகம். அதில் எந்த இடத்தையும் அவர் வெறுத்ததில்லை. பிறகு எதை மறைப்பது? கடுந்தாளை எடுத்தார்.

தட்டில் முதலில் கூந்தல் வந்தது, நல்ல கறுப்பாக. பிறகு கண்கள். பிறகு இமையிலும் உதட்டோரத்திலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். அவற்றுக்கு நடுவே, பல் தெரிய ஒரு சிரிப்பு.

“இவ்வளவும் என்னிடமா இருந்தது?” என்றது நெகட்டிவ்.

“உன்னிடம் இல்லாத எதையும் நான் போடவில்லை” என்றது கடுந்தாள்.

“நானும் அவளுக்கு நல்லதுதான் நினைத்தேன்” என்றது மென்தாள்.

“தெரியும்” என்றது கடுந்தாள்.

படத்தை நன்றாக அலசிய பிறகுதான் இன்பநாதன் கதவைத் திறந்தார். மரகதவல்லி ஈரப்படத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். தண்ணீர் அவள் சேலையில் சொட்டியது. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் தட்டுகளைக் கழுவுவதுபோல் நின்றார்.

“எனக்கு எங்கம்மா சிரிப்புன்னு ஏனுங்க யாரும் சொல்லவே இல்ல?”

“நீ கேமராவுக்கு நின்னு காட்டினாத்தான?” என்றார் அவர்.

அவள் பால்கனிக்குப் போய், படம் தெருவைப் பார்க்கும்படி கொடியில் கிளிப் போட்டு மாட்டினாள். எதிர் மாடியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, யாருங்க்கா அது போட்டோவுல?”

“நாந்தான்” என்றாள் மரகதவல்லி.