அதிகமாகக் கேட்டவருக்குக் கார்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. பொய்யென்றால் இப்போதே என் மீசை உதிரட்டும். மீசையே இல்லையே என்று பார்க்காதீர்கள். அது வேறொரு உண்மைக் கதை சொன்னபோது உதிர்ந்தது.

போடிமெட்டுக்கு மேலே சௌந்தரவல்லியம்மாளுக்கு ஓர் ஏலத்தோட்டம். அங்கே ஒரு சிவப்புச் சீமைக்கார் நின்றது. இரண்டே பேர் உட்காரலாம். துணிக்கூரை, வேண்டுமானால் மடக்கிக்கொள்ளலாம். முன்னே இருந்த வெள்ளைக்காரத் துரை கப்பலில் வரவழைத்தது. அவர் கூரையைத் திறந்தால் மழை பெய்யும், மூடினால் வெயில் அடிக்கும். நானூற்றுப் பன்னிரண்டாவது மைலில் வெறுத்துப்போய் இறங்கி, ஊருக்கே போய்விட்டார்.

இரண்டு வருஷமாகத் தோட்டத்தில் விளைச்சல் இல்லை. அம்மாள் கண் ஆபரேஷனுக்காக மதுரைக்குக் கிளம்பும்போது கங்காணி காசிமாயனையும், அவனுக்குக் கீழே இருந்த ஒச்சப்பன், பொம்மையனையும் கூப்பிட்டார்.

"திங்கக்கிழமை காரை ஏலத்துல விட்டுருங்க. யார் அதிகமாக் கேக்குறாங்களோ அவங்களுக்குக் குடுத்துருங்க. அதுவரைக்கும் ஒரு மைல்கூட ஓடக்கூடாது, அதான் அதுக்கு மதிப்பே. இது நல்லபடியா போனாத்தான் தோட்டம் நிக்கும். இல்லேன்னா நீங்க மூணு பேரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்."

ஏலம் நடப்பது கீழே போடியில். நடுவே பதினேழு கொண்டை ஊசி வளைவு. மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"லாரியில ஏத்திட்டா என்னண்ணே?" என்றான் பொம்மையன்.

காசிமாயன் தாடையைத் தடவினான். "போன வாரம் பஸ்ல உக்காந்து தேனிக்குப் போனியே. போனது பஸ்ஸா, நீயா?"

"ரெண்டு பேரும்தாண்ணே."

"அப்ப லாரியில ஏத்துனாக் காரும் போனதாத்தானடா கணக்கு?"

ஒச்சப்பன் தொண்டையைக் கனைத்தான்.

"எதுக்குண்ணே போகணும்? ஏலத்துல விடுங்கன்னுதானே சொன்னாக? ஏலம் நம்ம ஸ்டோர்லயே நாலு மூட்டை கிடக்கே."

காசிமாயனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த மூளையை வச்சுக்கிட்டு இத்தனை நாளாக் களை வெட்டுனியேடா!"

சக்கரம் சுற்றினால் மைல் ஏறிவிடும் அல்லவா? ஆகவே எட்டுப் பேர் தோள் கொடுத்துக் காரைத் தூக்கிப்போய் ஸ்டோருக்குள் வைத்தார்கள். கூரையை மடக்கி, நாலு மூட்டை ஏலக்காயையும் உள்ளே கொட்டினார்கள். ஸ்டியரிங் மட்டும் கொஞ்சம் வெளியே தெரிந்தது.

திங்கட்கிழமை காலை, ஏலத்துக்கு முன்னாலேயே பேசி முடித்துவிடலாம் என்று, அம்மாளுக்கும் தகவல் சொல்லிவிட்டு, கோயம்புத்தூரிலிருந்து ஒரு மில் முதலாளி வந்தார். ஏலக்காயைப் பார்த்து, வாசனைக்குப் போட்டிருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டார்.

"பதினெட்டு லட்சம்," என்றார்.

"வேற?" என்றான் காசிமாயன்.

"இருபது."

"வேற எதுவும் கேக்கலியா?"

"இருபத்தஞ்சு. அதுக்கு மேல பேச்சே இல்ல."

"ஒரு கேள்விகூடக் கேக்கத் தெரியலியே சாமி உங்களுக்கு," என்று வருத்தப்பட்டு, மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

மத்தியானம் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஜெயசீலன் வாத்தியார் ஏறி வந்தார்.

"வீட்டுல எத்தனை பேரு? கூரை ஓடா, தகரமா? தண்ணி எங்க பிடிக்கிறீங்க? கக்கூஸ் உண்டா?"

மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கேள்விக்கு ஒரு ஏலக்காய் என்று ஒச்சப்பன் எடுத்துவைத்துக்கொண்டே வந்தான். முப்பத்துமூன்றாவது காய்க்கு வாத்தியார் கேட்டார்: "சொந்தமாக் கார் இருக்கா?"

"இருந்துச்சு," என்று சாவியை அவர் கையில் வைத்தான் காசிமாயன். "இப்ப உங்களுது."

அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று வாத்தியார் படிவத்தைப் புரட்டிப் புரட்டித் தேடினார். அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே, கறுப்புக் கண்ணாடியோடு அம்மாள் வந்து இறங்கினார்.

"கார் எங்கடா? ஏன் காய்க்குள்ள கிடக்கு? இவர் யாரு? சாவி ஏன் இவர் கையில? கோயம்புத்தூர்க்காரர் வரலியா? வந்தாரா? எவ்வளவு சொன்னார்? இருபத்தஞ்சா? லட்சமா? அவரை ஏண்டா விட்டீங்க? உங்களுக்கு மூளை இருக்கா? உங்ககிட்டச் சொன்னேனே, எனக்கு இருக்கா?"

அம்மாள் நிறுத்தவில்லை. ஒச்சப்பனும் இரண்டு கையாலும் காய்களை எடுத்துவைத்தான். முப்பத்துநாலாவது காயை வைத்ததும் துள்ளி எழுந்தான்.

"அண்ணே, அம்மா ஜெயிச்சுட்டாக!"

காசிமாயன் வாத்தியாரிடமிருந்து சாவியைப் பிடுங்கி அம்மாள் கையில் வைத்தான். "தைரியமா எடுத்துட்டுப் போங்கம்மா. நல்ல வண்டி. அதிகம் ஓடல."

அம்மாள் காலிச் சாக்கின்மேல் பொத்தென்று உட்கார்ந்தார். இன்னொரு கேள்வி கேட்க அவருக்குப் பயமாக இருந்தது. "இனிமே தோட்டத்தையே ஏலத்துல விட வேண்டியதுதான்," என்றார்.

மூவரும் வெளியே வந்து, தோட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்கள். காசிமாயன் துண்டை உதறித் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு, ஸ்டோருக்குள் அம்மாளை எட்டிப் பார்த்தான்.

"காருக்கே எட்டுப் பேரு ஆச்சும்மா. இதுக்கு இன்னும் பத்து ஆளாவது வேணும். முதல்ல எந்தப் பக்கம் தூக்கணும்னு மட்டும் சொல்லிருங்க."

இவ்வளவுதான் நடந்தது. நான் சொன்னேன் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். கிழக்கு மூலையைத் தூக்க இன்னும் ஓர் ஆள் குறைகிறதாம்; தேடிக்கொண்டிருக்கிறார்கள்.